துப்பாக்கி சுடுதல் ஹாபி: ஒரு தோட்டாவோட உண்மையான விலை என்ன?



"சம்பளத்துல ஹாபிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?"னு சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி பைக், கேமரா, ட்ரெக்கிங் பத்தினது. ஒண்ணு மட்டும் தனியா நின்னுச்சு. திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம், காலேஜ்ல என்சிசி. பழைய ரைஃபிள்கள் மேல பயங்கர ஆசை. "தோட்டா விலைதான் சார் பிரச்சனை. ஆனா அமெரிக்காவுல எல்லாரும் வீட்டுலயே ரீலோட் பண்றாங்க. நானும் ஒரு வெளிநாட்டு சைட்ல ரீலோடிங் பிரஸ் கார்ட்ல போட்டு வச்சிருக்கேன். பிரேக் ஈவன் கணக்கு சரியான்னு மட்டும் பாருங்க"ன்னு ஒரு எக்ஸெல் ஷீட்டும் இணைச்சிருந்தார்.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு வரி விட்டுப்போயிருந்துச்சு. அந்த ஒரு வரி மொத்தக் கணக்கையும் மாத்திடும். அதனாலதான் இந்தக் கட்டுரை. துப்பாக்கி சுடுதல் வேண்டாம்னு சொல்ல வரல. நல்ல விளையாட்டு, சம்பளக்காரங்களாலயும் முடியும். எந்த வாசல் வழியா உள்ள போறோம்ங்கிறதுதான் விஷயம்.

பழைய ரைஃபிள் மேல ஏன் இவ்வளவு ஆசை?

பாயின்ட் 303 லீ என்ஃபீல்டை எடுத்துக்கங்க. அதோட புகழ்பெற்ற மார்க் 3 மாடல் 1907-ல வந்தது. ரெண்டு உலகப் போர் பார்த்திருக்கு. மேற்கு வங்கத்துல இஷாப்பூர் தொழிற்சாலையில நம்ம நாட்டுலயே தயாராச்சு. உத்தரப் பிரதேச போலீஸ் இதுக்கு அதிகாரபூர்வமா விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்துலதான். நூறு வருஷத்துக்கும் மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆன கருவி. மரக்கட்டை, இரும்பு, கையால இழுத்துத் தள்ளுற போல்ட். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, ஒவ்வொண்ணுக்கும் நிதானம் வேணும். நாள் முழுக்க ஸ்க்ரீன் பார்க்கிற நமக்கு அது பிடிக்கிறதுல ஆச்சரியம் இல்ல.

ரீலோடிங்ல எப்படி காசு மிச்சமாகுது?

ஒரு தோட்டாவுல நாலு பாகம்: பித்தளை கேஸ், அடியில நெருப்பு பத்த வைக்கிற பிரைமர், உள்ள வெடிமருந்து, முனையில குண்டு. சுட்டதும் மத்த மூணும் போயிடும், பித்தளை கேஸ் மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் நாலுல விலை அதிகமானது அதுதான். அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், மருந்து, குண்டு வச்சா தோட்டா தயார். இதுக்குப் பயன்படுற கருவிதான் பிரஸ்.

பழைய ரைஃபிள் வச்சிருக்கிற வெளிநாட்டுக்காரங்களுக்கு இது பணம் மிச்சம் பண்ற வழி மட்டும் இல்ல, சில சமயம் வேற வழியே இல்ல. 1871-ல பிரிட்டிஷ் ராணுவம் ஏத்துக்கிட்ட மார்ட்டினி ஹென்றி மாதிரி ரைஃபிளுக்கு கடையில போய் சுலபமா தோட்டா வாங்கிட முடியாது. தானே நிரப்பினாத்தான் சுட முடியும்.

இப்போ தம்பியோட கணக்கு மாதிரி ஒண்ணு போட்டுப் பார்க்கலாம். இதெல்லாம் புரியறதுக்கான உதாரண எண்கள்தான், மார்க்கெட் விலை இல்ல.

- பிரஸ், டை, தராசு எல்லாம் சேர்த்து: 75,000 ரூபாய்
- ஒரு தோட்டாவுக்கு மிச்சம்: 50 ரூபாய்
- பிரேக் ஈவன்: 75,000 ÷ 50 = 1,500 தோட்டா
- மாசம் 25 தோட்டா சுட்டா: 60 மாசம், அதாவது 5 வருஷம்

போட்ட காசு திரும்பி வரவே 5 வருஷம். அதுவும் மாசம் 25-லயே நின்னாத்தான். ரீலோட் பண்றவங்களே சிரிச்சுக்கிட்டு சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு: செலவு குறையாது, அதே செலவுல நிறைய சுடுவோம், அவ்வளவுதான். ஆஃபர்ல வாங்கி மிச்சம் பிடிச்ச கதைதான்.

விட்டுப்போன அந்த வரி

இந்திய ஆயுதச் சட்டம், 1959. இதுல "வெடிபொருள், தோட்டா" வகைக்கு ஒரு வரையறை இருக்கு. தோட்டாவை மட்டும் சொல்லிட்டு நிறுத்தல. தோட்டாவோட பாகங்களும், தோட்டா தயாரிக்கிற இயந்திரமும் அதே வரையறைக்குள்ள வருது. புரியுதா? நீங்க கார்ட்ல போட்டு வச்சிருக்கிறது ஏதோ ஒர்க்‌ஷாப் டூல் இல்ல. சட்டத்தோட பார்வையில அந்த பிரஸ்ஸே தோட்டா கணக்குதான்.

இதுல மூணு சிக்கல் இருக்கு:

1. தயாரிப்பு. லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறதை 5-வது பிரிவு தடுக்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குத் தண்டனை குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், அபராதம் தனி.
2. வச்சிருக்கிறது. லைசன்ஸ் இல்லாம தோட்டா வச்சிருந்தாலே 2 முதல் 5 வருஷம்.
3. இறக்குமதி. வெளிநாட்டுல இருந்து கொண்டுவர தனி லைசன்ஸ் வேணும். ராயபுரம், எண்ணூர் பக்கம் உங்கள்ல பல பேர் துறைமுகத்துலயும் சிஎஃப்எஸ்லயும் கப்பல் ஏஜென்சியிலயும் வேலை பார்க்கிறீங்க. பில் ஆஃப் என்ட்ரியில ஒரு பொருள் தப்பா இருந்தா என்ன நடக்கும்னு நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. பார்சல் மேல "ஹேண்ட் டூல்"னு எழுதியிருந்தாலும் உள்ள இருக்கிறது மாறாது.

"என் சொந்த உபயோகத்துக்குத்தானே சார், விக்கவா போறேன்?"னு கேட்கலாம். அந்த நம்பிக்கையில ஆரம்பிக்கிற விஷயம் இல்ல இது. லைசன்ஸ் அதிகாரிகிட்ட இருந்து எழுத்துல அனுமதி கையில இல்லாம ஒரு பிரைமரைக் கூடத் தொடாதீங்க.

எக்ஸெல்ல இதை எப்படிப் போடுறது? ஒரு பக்கம் தோட்டாவுக்கு 50 ரூபாய் லாபம். இன்னொரு பக்கம் வேலை, பாஸ்போர்ட், போலீஸ் வெரிஃபிகேஷன், வருஷக்கணக்குல கோர்ட். லாபத்துக்கு ஒரு எல்லை இருக்கு, நஷ்டத்துக்கு எல்லையே இல்ல. இப்படி ஒரு முதலீட்டை யாராவது உங்ககிட்ட கொண்டுவந்தா என்ன சொல்வீங்க? அதையே இங்கயும் சொல்லுங்க.

சரி, நம்ம ஊர்ல நிஜமா என்ன சுடலாம்?

முதல்ல ஒரு ஏமாற்றம். பாயின்ட் 303 நம்ம நாட்டுல தடை செய்யப்பட்ட போர். சாதாரண லைசன்ஸ்ல கிடைக்காது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்துற தோட்டா பொதுமக்கள் துப்பாக்கிக்குப் பொருந்தக் கூடாதுங்கிறது இதுக்குப் பின்னால இருக்கிற பழைய யோசனை. இஷாப்பூர்ல என்ஃபீல்டு மாதிரியிலயே பொதுமக்களுக்குன்னு பாயின்ட் 315 ரைஃபிள் செஞ்சதும் அதனாலதான். அதுக்கும் லைசன்ஸ் வேணும்.

கிளப்புகள்ல வழக்கமா சுடுறது ரெண்டு: பாயின்ட் 22 ரைஃபிள், 10 மீட்டர் ஏர் ரைஃபிள். இங்கதான் ஒரு சுவாரஸ்யம். பாயின்ட் 22 தோட்டாவுல பிரைமர் தனியா இல்ல, கேஸோட விளிம்புக்குள்ளயே இருக்கு. ஒரு தடவை அடிபட்டா விளிம்பு நசுங்கிடும். அதனால அதை வழக்கமான முறையில ரீலோட் பண்ணவே முடியாது. ஏர் ரைஃபிள்லயோ தோட்டாவே இல்ல, அழுத்தப்பட்ட காற்றும் ஒரு ஈயப் பெல்லட்டும்தான். ஆக, நீங்க நிஜமா தொடப்போற ரெண்டு துப்பாக்கிக்கும் அந்த பிரஸ்ஸால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல!

ஏர் ரைஃபிள்ல இன்னொரு நல்ல விஷயம்: 4.5 மில்லிமீட்டர் போர், 20 ஜூல் சக்தி, இந்த ரெண்டையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு லைசன்ஸ் தேவையில்ல. 10 மீட்டர் போட்டி ரைஃபிள்கள் 10 ஜூலுக்கும் கீழதான் இருக்கும். அதுக்காக மொட்டை மாடியில நின்னு பறவை, அணில்னு குறி பார்க்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காத்துக்கிட்டு இருக்கு.

"ஏர் ரைஃபிள்னா திருவிழாவுல பலூன் சுடுறதுதானே?"ன்னு நினைக்காதீங்க. 10 மீட்டர் போட்டியில பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர், ஒரு பேனாப் புள்ளி அளவு. 75 நிமிஷத்துல 60 ஷாட். 2008-ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினதும், சென்னையில பிறந்த ககன் நாரங் 2012-ல வெண்கலம் வாங்கினதும் இதுலதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல பாயின்ட் 22 ரைஃபிள்ல வெண்கலம் வாங்கின ஸ்வப்னில் குசாலே, அப்போ ரயில்வேயில டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். நம்மளை மாதிரி மாசச் சம்பளக்காரர்!

யானைக்கவுனியில இருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி

நம்ம ஆபீஸ் இருக்கிற யானைக்கவுனியில இருந்து நடந்து சென்ட்ரல் போனா, மெட்ரோவுல அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அங்க பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்துலதான் சென்னை ரைஃபிள் கிளப். "பழைய"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. 2021 பிப்ரவரியில நடிகர் அஜித் ரைஃபிள் கிளப்னு நினைச்சு வேப்பேரியில இருக்கிற புது கமிஷனர் ஆபீஸுக்குப் போயிட்டது செய்தியாவே வந்துச்சு. அடுத்த மாசமே மாநிலப் போட்டியில ஆறு பதக்கம் வாங்கினார், அது வேற விஷயம்.

கிளப்ல சேர்றதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வச்சுக்கங்க:

- சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, அதுல திரும்பக் கிடைக்கிறது ஏதாவது உண்டா?
- வருஷ சந்தா எவ்வளவு, ரேஞ்ச் கட்டணம் தனியா?
- கிளப் ரைஃபிள்லயே சுடலாமா, வாடகை என்ன?
- கோச்சிங் சேர்ந்ததா, தனியா?
- ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு, சனி ஞாயிறுக்கு ஸ்லாட் கிடைக்குமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஸ்லாட் கிடைக்காத ரேஞ்சுக்கு சந்தா கட்டுறதும், போகாத ஜிம்முக்குக் கட்டுறதும் ஒண்ணுதான்.

மூணு வாளிக் கணக்கு

யானைக்கவுனிக்குப் பக்கத்துல வால்டாக்ஸ் ரோடு இருக்கே, பேரைக் கவனிச்சிருக்கீங்களா? 1760-கள்ல ஹைதர் அலி படை சென்னை வரைக்கும் வந்து மிரட்டினதுக்கு அப்புறம், ஆங்கிலேயர் ஊரைச் சுத்தி மதில் கட்டினாங்க. யானைக்கவுனி அந்த மதிலோட ஒரு வாசல். அந்தச் செலவுக்கு ஊர்க்காரங்க மேல ஒரு மதில் வரி போட நினைச்சாங்க. வரி ஒழுங்கா வசூல் ஆனதில்லைன்னு சொல்வாங்க. மதிலும் போயிடுச்சு, வரியும் போயிடுச்சு, பேர் மட்டும் நிக்குது. கட்டும்போதே அடுத்தடுத்த வருஷச் செலவு எங்கிருந்து வரும்னு யோசிக்கலைன்னா இப்படித்தான் ஆகும்.

ஹாபியும் அப்படித்தான். மூணு வாளியாப் பிரிங்க.

நுழைவுச் செலவு: சேர்க்கைக் கட்டணம், காது பாதுகாப்பு, கண்ணாடி. முதல் ஆறு மாசம் சொந்த ரைஃபிள் வாங்காதீங்க. கிளப் ரைஃபிள் போதும். ஆறு மாசம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா, அதுக்குன்னு ஒரு ஆர்டி போட்டுச் சேர்த்து வாங்குங்க. நோ காஸ்ட் இஎம்ஐ வேண்டாம்.

ஓடுற செலவு: பெல்லட் 500 இருக்கிற டப்பா 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு பெல்லட் 2 ரூபாய். ஒரு நாளைக்கு 80 பெல்லட், மாசம் 8 நாள்: 80 × 8 × 2 = 1,280 ரூபாய். ரேஞ்ச் கட்டணம், போக்குவரத்து 1,200. மொத்தம் கிட்டத்தட்ட 2,500. கையில 50,000 சம்பளம் வாங்குறவருக்கு இது 5 சதவீதம். தாங்கும்.

வெளியேறும் செலவு: இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. லைசன்ஸ் துப்பாக்கியை இன்னொருத்தருக்கு விக்கணும்னா, முன்கூட்டியே அதிகாரிக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ தகவல் கொடுத்துட்டு 45 நாள் காத்திருக்கணும். வாங்குறவருக்கும் லைசன்ஸ் இருக்கணும். அவசரத்துக்குக் காசாக்க முடியாத பொருள் இது. "பழைய ரைஃபிள் நல்ல முதலீடு"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

எமர்ஜென்சி ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ், மெடிக்கல் பாலிசி மூணும் முடிஞ்ச பிறகுதான் இந்த வாளிகள். பாலிசி படிவத்துல பொழுதுபோக்கு பத்திக் கேட்டா மறைக்காம எழுதுங்க. க்ளெய்ம் நேரத்துல அது குடும்பத்தைக் காப்பாத்தும்.

ஊர்ல தாத்தா துப்பாக்கி இருக்கா?

விண்டேஜ் துப்பாக்கி நிறைய பேருக்கு இப்படித்தான் வருது. தாத்தா தவறிட்டார், பரண்ல ஒரு பழைய துப்பாக்கி. நம்ம நாட்டுல வாரிசு வரி 1985-லயே போயிடுச்சு. எஃப்டிக்கு நாமினி இருக்கார். ஆனா துப்பாக்கி தானா கைமாறாது. லைசன்ஸ் அவர் பேர்ல இருந்தது, அவரோட முடிஞ்சுது. "ஞாபகார்த்தமா வச்சிருக்கோம்"னு வீட்டுல வச்சிருந்தா, அது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி.

செய்ய வேண்டியது: பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. அப்புறம் வாரிசா லைசன்ஸுக்கு விண்ணப்பிங்க. தாத்தா இன்னும் நல்லா இருக்காரா? இன்னும் சுலபம். அவருக்கு 70 வயசு ஆகியிருந்தாலோ, 25 வருஷமா வச்சிருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பேர்ல மாத்த 2016 ஆயுத விதிகள்ல வழி இருக்கு. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பேசி வைங்க.

2020 பிப்ரவரி அறிவிப்புப்படி, கலைப்பொருள் வகையில வர்ற பழங்காலத் துப்பாக்கியை வச்சிருக்க லைசன்ஸ் தேவையில்ல. ஆனா சுடுறதுக்கும் எடுத்துட்டுப் போறதுக்கும் வேணும். உங்க வீட்டுத் துப்பாக்கி அந்த வகையான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, எழுத்துல கேட்டு வாங்குங்க.

ஆன்சைட் போறவங்க கவனத்துக்கு

"அமெரிக்கா போறப்போ ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்துச் சுட்டுக்கிறேன்"னு நினைக்கிறவங்க உண்டு. எச்1பி, பி1 எல்லாம் குடியேற்றம் அல்லாத விசா. அந்த விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கிறதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்குது. செல்லுபடியாகிற வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் கூப்பிட்டார்னு போய் ஒரு போட்டோவுக்காக விசாவை அடகு வைக்காதீங்க.

இன்னொண்ணு, ரேஞ்ச்ல இருந்து ஞாபகத்துக்குன்னு ஒரு தோட்டாவையோ காலி கேஸையோ பையில போட்டுட்டு ஏர்போர்ட் வராதீங்க. ஸ்கேனர்ல மாட்டினா வெளிய வர வக்கீல் ஃபீஸ் மட்டும் எவ்வளவு ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ரீலோடிங் சுகம், சட்டத்துக்குள்ள

ரீலோடிங்ல நிறைய பேருக்குப் பிடிக்கிறது காசு மிச்சம் இல்ல. மேஜை முன்னாடி உட்கார்ந்து அளந்து, எடை போட்டு, நோட்டுல எழுதி, அடுத்த வாரம் ரேஞ்ச்ல சோதிக்கிற அந்த நுணுக்கம். அது ஏர் ரைஃபிள்லயும் இருக்கு. போட்டிப் பெல்லட்டோட எடை சுமார் அரை கிராம். தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர்னு தனித்தனியா வரும். எந்த அளவு உங்க பேரலுக்கு ஒத்துப்போகுதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு நோட்டு. ஒவ்வொரு அளவுலயும் அஞ்சு ஷாட் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு அளந்து எழுதுங்க. மாசக் கணக்கா பண்ணலாம், அலுக்காது. பெல்லட் ஈயம்ங்கிறதால கையைச் சோப்பு போட்டுக் கழுவாம எதையும் சாப்பிட வேண்டாம்.

பழைய ரைஃபிளைப் பார்க்கிற ஆசைக்கு, செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் பக்கத்துலயே இருக்கு. ஒரு நுழைவுச் சீட்டு விலைதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. வெளிநாட்டு சைட் கார்ட்ல ரீலோடிங் சாமான் ஏதாவது இருந்தா இப்பவே டெலீட் பண்ணுங்க.
2. ஒரு சனிக்கிழமை கிளப்புக்குப் போய் அஞ்சு கேள்வியையும் கேளுங்க.
3. மூணு வாளிக்கும் உங்க நிஜ எண்களைப் போட்டு, மொத்தம் கைச்சம்பளத்துல 5 சதவீதத்தைத் தாண்டுதான்னு பாருங்க. தாண்டினா மாசம் 8 நாளை 4 நாளாக்குங்க.
4. வீட்டுல பழைய துப்பாக்கி இருந்தா, லைசன்ஸ் யார் பேர்ல, எந்தத் தேதி வரைக்கும்னு எடுத்துப் பாருங்க.

எந்த ஹாபியா இருந்தாலும் சரி, விலைச்சீட்டுல இருக்கிற எண்ணோட நிறுத்தாதீங்க. தொடர்ந்து செய்ய எவ்வளவு ஆகும், விட்டு வெளிய வர எவ்வளவு ஆகும், தப்பாப் போனா எவ்வளவு ஆகும்னு இன்னும் மூணு கட்டம் சேர்த்துப் போடுங்க. நாலு கட்டமும் உங்களால தாங்க முடிஞ்சா தாராளமா இறங்குங்க.

இந்த மூணு வாளி ஷீட்டை எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்லயே செஞ்சு காட்டுறேன். உங்க ஹாபி எது, மாசம் எவ்வளவு ஆகுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. சந்திப்போம்!